மூன்று மணிக் காபி

நோட்டீசில் ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரியை உஸ்மான் திங்கட்கிழமையிலிருந்து நெஞ்சில் கல்லாகச் சுமந்துகொண்டிருந்தான்.

'நாலாம் லைனில் காண்ட்ராக்ட் ஆட்கள் இருவர் மாதக் கடைசியோடு நிறுத்தப்படுகிறார்கள்.'

பேர் போடவில்லை. போடவேண்டிய அவசியமும் இல்லை. நாலாம் லைனில் காண்ட்ராக்ட் என்று இருந்ததே இரண்டு பேர். ஒன்று அவன், இன்னொன்று மெட்டில்டா.

வெள்ளிக்கிழமை காலையில் நஃபீசா டிபன் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள். "இன்னிக்கி சொல்லிடுவீங்கல்ல?"

"பாக்கலாம்."

"நீங்க பாக்கலாம்னு சொன்னா பாக்க மாட்டீங்கன்னு அர்த்தம். பதினெட்டு வருஷமா குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா?"

"நாலு பேரு நடுவுல நின்னுகிட்டு, நான்தான் செஞ்சேன், நான்தான் செஞ்சேன்னு மார் தட்டச் சொல்றியா? கடுகளவு பெருமை மனசுல இருந்தாலும்..."

"நபி சொன்ன ஹதீஸ எனக்கே ஓதாதீங்க." டப்பாவை அவன் கையில் திணித்தாள். "பெருமை பேசச் சொன்னேனா? சாட்சி சொல்லச் சொல்றேன். சாட்சிய மறைக்கிறதும் பாவம்தான். அதையும் அந்தக் கிதாபுலதான் போட்டிருக்கு."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோ, தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு ரயில். பொத்தேரி வரைக்கும் காலேஜ் பிள்ளைகள் பெட்டி முழுக்க அடைத்துக்கொண்டு, யாருக்கு எந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது, எத்தனை லட்சம் என்று கத்திப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒரு பையன், "நான் யாருடா!" என்று தன் நெஞ்சைத் தானே குத்திக் காட்டினான். எவ்வளவு சுலபமாக வருகிறது அந்தச் சொல், இவர்களுக்கு. உஸ்மான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நடந்தது இதுதான்.

மறைமலை நகரில் அந்த ஸ்வீடன் கம்பெனி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. லாரி சக்கரத்துக்குள் போகிற இரும்பு வளையம் செய்கிறார்கள். மேல் மெஷினிலிருந்து விழுகிற வளையம் ஒரு தகரச் சறுக்கில் வழுக்கிக்கொண்டு வந்து கீழ் மெஷினுக்குள் போகவேண்டும். சறுக்கு ஓரிடத்தில் வளையும். அந்த வளைவில் வந்து மாட்டிக்கொள்ளும். மாட்டினால் குத்திவிட ஆள் வேண்டும். சறுக்குக்கு இந்தப் பக்கம் உஸ்மான், அந்தப் பக்கம் மெட்டில்டா, ஆளுக்கொரு மூங்கில் கம்பு. எட்டு மணி நேரம் இதே வேலை. "ஸ்வீடன் கம்பெனில இன்னா வேலை?" என்று யாராவது கேட்டால் மெட்டில்டா, "மாடு மேய்க்கிறேன். இரும்பு மாடு" என்பாள்.

முதலில் கண்டுபிடித்தது அவள்தான். போன மாதம் ஒருநாள் கம்பை ஊன்றிக்கொண்டு சொன்னாள். "அண்ணா, நல்லா பாரேன். ஒண்ணொண்ணா வந்தா ஒழுங்கா போவுது. ரெண்டு ஒட்டிக்கினு வந்தாத்தான் சிக்குது. பஸ்சுல ஏறுற ஆம்பளைங்க மாதிரி."

உஸ்மான் அன்று முழுக்க அதையே பார்த்தான். ராத்திரி படுத்தும் அதுவே கண்ணில் வந்தது. மறுநாள் பஞ்சரான சைக்கிள் ட்யூபில் ஒரு சாண் வெட்டி எடுத்துவந்து, வளைவுக்கு முன்னால் நாக்கு மாதிரி தொங்கவிட்டான். முன்னால் வந்த வளையம் ட்யூபைத் தள்ளிக்கொண்டு போனது. ட்யூப் திரும்ப விழுந்தது. பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த வளையம் அதில் முட்டி, ஒரு மூச்சு நின்று, பிறகு தானும் தள்ளிக்கொண்டு போனது. அன்று ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. மறுநாளும் இல்லை. இரண்டு கம்பும் சுவரில் சாய்ந்து நின்றன. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த இரண்டு மடையர்கள் அவர்கள்தான். கம்புக்கு வேலை இல்லையென்றால் கம்பு பிடித்த கைக்கும் வேலை இல்லை என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பத்து நாளைக்கு முன்னால் யோரான் சார் சறுக்கின் பக்கம் வந்தார். கம்பெனிக்குத் தலைவர் அவர். ஆனால் பார்த்தால் சொல்ல முடியாது. வெளுத்துப்போன சட்டை, கேன்டீனில் தட்டேந்தி வரிசை, தான் குடித்த கப்பைத் தானே கழுவி வைப்பது. முதல் நாள் கேட்டில் வாட்ச்மேன் அவரை மெஷின் ரிப்பேருக்கு வந்த ஆள் என்று நினைத்து நோட்டில் கையெழுத்து வாங்கினான். அவரும் ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டுவிட்டுப் போனார்.

அந்த யோரான் சார் ட்யூபை விரலால் தள்ளிப் பார்த்தார். இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தார். பிறகு அதைக் காட்டி உஸ்மானிடம் என்னவோ கேட்டார். பாஷை புரியாவிட்டாலும் கேள்வி புரிந்தது. யார் செய்தது?

உஸ்மானின் இருபது வருஷ வேலையில் பெரிய மனிதன் ஒருவன் ஒரு பொருளைக் காட்டி 'யார் செய்தது' என்று கேட்டால், அதற்குப் பின்னால் வந்தது எல்லாம் திட்டுதான். கை தானாகத் தூக்கிக்கொண்டது. சூப்பர்வைசர் சத்தியநாதனைக் காட்டியது. "சார்தான்."

சத்தியநாதன் வெலவெலத்துப் போனார். "நோ சார், நோ சார். டீம் சார். டீம்."

யோரான் சார் முகம் மலர்ந்துவிட்டது. டீம் என்ற சொல்லைக் கேட்டால் அவருக்குப் பாயசம் குடித்த மாதிரி. தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். அந்த வாரமே போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். சைக்கிள் ட்யூப் படம், கீழே 'நாலாம் லைன் டீம்'. திங்கட்கிழமை அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே நோட்டீசும் வந்தது.

"நம்ம சோத்துல நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கினோம்ணா" என்றாள் மெட்டில்டா. அதற்குப் பிறகு நாலு நாளாக அவள் தமாஷ் பேசவில்லை.

*

வேலைக்குள் நுழைந்ததுமே சத்தியநாதன் அவனை ஓரமாகக் கூப்பிட்டார்.

"உஸ்மானு, நீ காபி வேளையில இன்னாவோ பேசப்போறியாமே. மெட்டில்டா பேஜார்ல இருக்கா, அவ மூஞ்சிலயே எழுதி ஒட்டிக்கீது."

"நோட்டீசு வந்துட்டுது சார். நான் என்ன பண்றது?"

"என் பேரைச் சொன்னது யாரு? நீதானே? நானா கேட்டேன்?" அவர் குரல் தாழ்ந்தது. "நான் என்னைச் சொல்லிக்கல, டீம்னேன். அதுக்கு மேல என்னால ஆவாது. சம்பத் கதை தெரியும்ல?"

தெரியாதவர்கள் அந்தக் கம்பெனியில் கிடையாது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எல்லா மெஷினையும் இருபது நிமிஷம் நிறுத்திவிடுவார்கள். அது ஸ்வீடன் வழக்கம். நாற்காலி கிடையாது. மேனேஜரும் கூட்டுகிறவளும் ஒரே மாதிரி கப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். காபியை ஊற்றுவது யோரான் சார். பொத்தேரி பேக்கரியில் சொல்லிவைத்த ஏலக்காய் பன், ஆளுக்கு ஒன்று. ஆபீசில் இருக்கிற சின்மயி மேடம்தான் எல்லாவற்றையும் தமிழில் சொல்வாள். வந்த புதிதில் அவள் இதையும் சொன்னாள்:

"அவங்க ஊர்ல எழுதாத சட்டம் மாதிரி ஒண்ணு இருக்காம். நான் மத்தவங்களவிட ஒசத்தின்னு யாரும் காட்டிக்கக் கூடாது. ஃபர்ஸ்ட் மார்க் வாங்கினவன்கூட, ஏதோ சுமாரா எழுதினேன்னுதான் சொல்லுவானாம். புதுக் கார் வாங்கினா வெளியில சொல்லவே கூச்சப்படுவாங்களாம்."

"அப்போ காருக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் வெக்க மாட்டாங்களா மேடம்?" என்று மெட்டில்டா கேட்டாள். "ஐயோ பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். சம்பத் மட்டும் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்றாம் லைன் சூப்பர்வைசர் அவன். போன வருஷம் ஒரு காபி வேளையில் முன்னால் வந்து நின்று, "என்னாலதான் இந்த மாசம் பன்னிரண்டு பர்சென்ட் ஏறிச்சு. நான் ஒருத்தன் ராப்பகலா நின்னேன்" என்று இங்கிலீஷிலேயே அளந்துவிட்டான். யோரான் சாருக்குக் கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்தது. யாரையும் பார்க்காமல் கப்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மாதத்தில் சம்பத் ஸ்டோர்சுக்குப் போய்விட்டான். கேன்டீனுக்குப் பின்னால், மரப்பெட்டிகளுக்கு நடுவில். அதிலிருந்து வெள்ளைக்காரர் முன்னால் 'நான்' என்று சொல்ல ஒருத்தருக்கும் நாக்கு எழும்புவதில்லை.

"அவன் பெர்மனென்ட்டு. அதனால ஸ்டோர்ஸோட போச்சு" என்றார் சத்தியநாதன். "நீ காண்ட்ராக்ட். கேட்டுக்கு வெளிய போயிடுவே. இப்போ பொத்திக்கினு இருந்தா, பொங்கலுக்கு அப்புறம் வேற லைன்ல ஆள் கேப்பாங்க, நானே கூப்பிடுறேன். சரியா?"

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் கோபப்படலாம்.

ஒரு மணிக்கு ஜும்மா தொழுகைக்கு அரை மணி அனுமதி. உஸ்மான் வேகமாக நடந்து பள்ளிவாசலுக்குப் போய், கை கால் கழுவி ஒளு செய்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பிரசங்கம் காதில் ஏறவில்லை. காலேஜ் பையன், யோரான் சார், நஃபீசா, மூன்று பேரும் அவன் தலைக்குள் ஒரே நேரத்தில் பேசினார்கள். யோரான் சார் தாழ்ந்து நிற்கிறார், எல்லோரும் அவரை அண்ணாந்து பார்க்கிறார்கள். 'எவ்வளவு பெரிய மனுஷன், எவ்வளவு அடக்கம்' என்று ஊரே சொல்கிறது. நானும் தாழ்ந்துதான் நிற்கிறேன். என்னை யாராவது அடக்கமானவன் என்று சொன்னார்களா? அவர் தன் பேரைச் சொல்லாவிட்டாலும் அவர் பேர் கேட்டில் எழுதியிருக்கிறது. என் பேரை நான் சொல்லாவிட்டால் அது எங்கே இருக்கிறது?

நெற்றியைத் தரையில் வைத்தபோது ஒன்றுதான் கேட்டான். யா அல்லாஹ், பெருமையை எடுத்துக்கொள். வாயை மட்டும் விட்டு வை.

*

மூன்று மணி. மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. உஸ்மான் கப்பை நீட்டினான். யோரான் சார் ஊற்றினார். அவன் கப் சாய்ந்து கொஞ்சம் சிந்தியது. அவர்தான் "சாரி" என்றார்.

மெட்டில்டா பன்னைத் தொடவில்லை. கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டாள், பிள்ளைக்கு.

யோரான் சார் போர்டிலிருந்து அந்தத் தாளைக் கழற்றி எடுத்துவந்து தூக்கிக் காட்டினார். சின்மயி சொன்னாள்: "நாலாம் லைன் டீம் பண்ணினத ஸ்வீடன் ஹெட் ஆபீசுக்கு எழுதியிருக்காராம். அங்க உள்ளவங்களுக்கே இது தோணலையாம். டீமுக்கு எல்லாரும் கைதட்டுங்க."

தட்டினார்கள். நாலாம் லைனின் பதினோரு பெர்மனென்ட் ஆட்களும் சத்தியநாதனும் கூச்சத்தோடு சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற ஒருவன் உஸ்மானின் தோளைத் தட்டி, "தட்டுப்பா, நம்ம லைன்தானே" என்றான்.

அந்தத் தட்டுதான் உள்ளே எதையோ நகர்த்தியது.

"சார்."

சத்தம் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. கைதட்டல் நின்றது.

"அந்த ட்யூபைக் கட்டினது நான்."

சின்மயி அவனைப் பார்த்தாள், சத்தியநாதனைப் பார்த்தாள்.

"சொல்லுங்க மேடம். கூட்டாம கொறைக்காம சொல்லுங்க."

அவள் சொன்னாள். யோரான் சாரின் கழுத்து சிவந்தது. சிவப்பு காதுக்கு ஏறியது. பார்வை கப்புக்குள் போய் விழுந்தது. ஐம்பது அறுபது பேர் அவரையே பார்த்தார்கள். சம்பத்தும் அந்தக் கூட்டத்தில் கடைசியில் நின்றான். அவன் கண்ணை மூடிக்கொண்டதை உஸ்மான் பார்த்தான்.

"உஸ்மானு, அப்பறம் பேசிக்கலாம், இப்போ வாணாம்..." சத்தியநாதன் கையைப் பிடித்தார்.

"இருங்க சார்." கையை விடுவித்துக்கொண்டான். "மேடம், இன்னும் முடிக்கல. பார்த்துச் சொன்னது மெட்டில்டா. கட்டினது நான். அன்னிக்கு சார் கேட்டப்போ பயந்து போய் சத்தியநாதன் சாரைக் காட்டினேன். அது என் தப்பு, அவர் தப்பில்ல. பெருமைக்காக இப்போ சொல்லல. அந்த ட்யூப் தொங்குறதால கம்பு புடிக்க ஆள் வேணாம்னு எங்க ரெண்டு பேரையும் மாசக் கடைசியில அனுப்புறீங்க. நோட்டீசு அந்தத் தாள் இருந்த எடத்துக்குப் பக்கத்துலயே கீது. டீம்னு கைதட்டினீங்களே, அந்த டீம்ல நாங்க இருக்கோமா இல்லியா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

சின்மயி சொல்லச் சொல்ல அவள் குரல் மெலிந்துகொண்டே போனது. யோரான் சார் நோட்டீஸ் என்ற இடத்தில் நிமிர்ந்தார். போர்டுக்கு நடந்து போனார். தமிழில் இருந்த அந்த ஒரு வரியை விரலால் தொட்டார். சின்மயி படித்துச் சொன்னாள். காண்ட்ராக்ட் ஆட்கள் விஷயம் அவர் மேஜைக்கே போவதில்லை என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

கப்பைக் கீழே வைக்காமலே நாலாம் லைனுக்கு நடந்தார். கூட்டம் பின்னால் போனது. ட்யூபைக் காட்டி, கழற்று என்று சைகை செய்தார்.

உஸ்மான் கழற்றினான். மெஷினைப் போட்டார்கள். வளையங்கள் கடகடவென்று இறங்கின. எட்டு, ஒன்பது, பத்து. ஒன்றும் சிக்கவில்லை. உஸ்மான் வளைவையே பார்த்தான். இன்றைக்குப் பார்த்து ஒழுங்காகப் போய்த் தொலைக்கிறதே! பொய்யன் என்று ஆகிவிடுவேனா? பதினாலாவதும் பதினைந்தாவதும் ஒட்டிக்கொண்டு வந்தன. வளைவில் 'ணங்'கென்று இறுகின. பின்னால் வந்ததெல்லாம் ஏறி நின்றது. மெட்டில்டா ஒரே எட்டில் சுவரிலிருந்த கம்பை எடுத்து, ஒரே குத்தில் விடுவித்தாள். உஸ்மான் ட்யூபைத் திரும்பத் தொங்கவிட்டான். அதற்கப்புறம் சிக்கவில்லை. யோரான் சார் மெஷினை நிறுத்தச் சொல்லும்வரை சிக்கவில்லை.

அவர் மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். சின்மயி முகம் தெளிந்தது.

"உஸ்மான் அண்ணா, இதே மாதிரி சறுக்கு ரெண்டாவது லைன்லயும் அஞ்சாவது லைன்லயும் இருக்கே, அங்கயும் கட்டித் தர முடியுமான்னு கேக்குறார். உங்க ரெண்டு பேரையும் நிறுத்த வேண்டாம்னு இப்பவே சொல்லிடுறாராம்."

"அல்லேலூயா" என்றாள் மெட்டில்டா, சத்தமில்லாமல்.

சரி என்று சொல்ல உஸ்மான் வாயைத் திறந்தான். அப்போதுதான் எதிரில் பட்டு என்கிற பெண் நிற்பதைப் பார்த்தான். இரண்டாம் லைனில் கம்பு பிடிக்கிறவள். காபி வேளைக்கும் கம்பைக் கீழே வைக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். பாதி கடித்த பன் கையில் அப்படியே இருந்தது. அவளுக்குப் பின்னால் அதே லைன்காரன் ஒருவன், அஞ்சாம் லைன்காரர்கள் இரண்டு பேர். நாலு பேரும் அவனையே பார்த்தார்கள். கோபம்கூட இல்லை. திங்கட்கிழமை நோட்டீசின் எதிரில் அவன் எப்படி நின்றானோ அப்படி நின்றார்கள்.

வாய் மூடிக்கொண்டது.

"இன்னாண்ணா, சரின்னு சொல்லு" என்று மெட்டில்டா அவன் முழங்கையைக் கிள்ளினாள்.

"அங்க கம்பு புடிக்கிறவங்க நாலு பேரு, மெட்டில்டா."

"அத அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல சரின்னு சொல்லு. உன் கால்ல வேணா வுழறேன்."

அவள் சொல்வது தப்பில்லை. கேட்டது கிடைத்துவிட்டது. நஃபீசாவிடம் போய்ச் சொன்னால் அவள் சிரிப்பாள். இன்னொரு தடவை வாயைத் திறந்தால், கிடைத்ததும் கையைவிட்டுப் போகலாம். ஒரு தடவை பேசினால் அது சாட்சி, இரண்டாம் தடவை பேசினால் அது திமிர் என்று அவர்கள் ஊரில் வைத்திருக்கிறார்களோ என்னவோ. நம் ஊரிலேயே அப்படித்தான்.

"மேடம்" என்றான். "கட்டித் தர்றேன். இன்னிக்கே தர்றேன். ஆனா கட்டினா இந்த நாலு பேருக்கும் அதே நோட்டீசு வரும். எங்க ஆறு பேருக்கும் என்ன வேலைன்னு சார் முதல்ல சொல்லட்டும். அப்படி இல்லன்னா எனக்குக் கட்டத் தெரியாதுன்னு சொல்லிடுங்க."

மெட்டில்டா தலையில் கை வைத்துக்கொண்டாள். சத்தியநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சின்மயி சொல்லி முடித்ததும் யோரான் சார் கப்பில் ஆறிப்போயிருந்த காபியை ஒரே மடக்கில் குடித்து, கப்பைக் கீழே வைத்தார். பிறகு நாலு பேரையும், பக்கத்தில் இருந்த இவர்கள் இரண்டு பேரையும், ஒவ்வொருவராகப் பார்த்தார். இடது கையில் ஐந்து விரல், வலது கையில் ஒரு விரல் காட்டி, இத்தனையா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

"ஆமா சார். ஆறு."

அவர் சொல்லச் சொல்ல சின்மயி எழுதிக்கொண்டாள். மார்ச் மாதம் வரை ஆறு பேரையும் நிறுத்தக் கூடாது. பேக்கிங் பிரிவுக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள், பிரித்துப் போடலாம். அதற்கப்புறம் பார்க்கலாம். இவ்வளவுதான். பெர்மனென்ட் என்ற பேச்சே வரவில்லை. ஆனால் பட்டு மீதிப் பன்னை வாயில் போட்டுக்கொண்டாள். உஸ்மானுக்கு அது போதுமாக இருந்தது.

"மேடம், இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"அண்ணா!" மெட்டில்டா அலறினாள்.

"அந்தத் தாள்ல டீம்னு மட்டும் போட்டா, நாளைக்கு வர்றவனுக்கு யாருன்னு தெரியாது. பேரைப் போடுங்க. மார்ச் வரும்போது தாள்தான் பேசும்."

இதைக் கேட்டதும் யோரான் சார் தயங்கினார். அவர்கள் தாளில் யார் பேரும் போடுவதில்லை, அவர் பேர்கூட இல்லை. கக்கத்தில் வைத்திருந்த தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து உஸ்மானிடமே நீட்டினார்.

உஸ்மான் தாளைச் சறுக்கின் விளிம்பில் வைத்துக் குனிந்தான். எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மெட்டில்டா என்று எழுதினான். நாலாம் லைன் பதினோரு பேர் என்று எழுதினான். சத்தியநாதன் சார் என்று எழுதினான். அவர் "ஏய், எனக்கு எதுக்குப்பா" என்று முணுமுணுத்தார், ஆனால் தடுக்கவில்லை. அதற்குள் படத்துக்குக் கீழே இருந்த இடம் தீர்ந்துபோனது. கடைசியில், தாளின் மூலையில், தன் பேரை எழுதினான்.

மெட்டில்டா குனிந்து பார்த்தாள். "இன்னாண்ணா இது? இம்மாம் வாய் பேசிட்டு, உன் பேரு மட்டும் எறும்பு கணக்கா கீது?"

"படிக்க முடியுதா?"

"முடியுது."

"அப்போ போதும்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.